வீட்டிலிருந்து பிறந்த வார்த்தை

எதிர் வீட்டுப் பையன் ஒரு நாள் மாலை இங்கிலீஷ் நோட்டுப் புத்தகமும் கையுமாக வந்து நின்றான். அவன் முகத்தில் பெரிய மனஸ்தாபம் தெரிந்தது. வீடு கட்டுவதைக் குறிக்கும் ‘பில்டு’ என்ற வார்த்தையை அவன் பி, ஐ, எல், டி என்று எழுதியிருந்தான். வாத்தியார் அதைச் சிவப்பு மையால் அடித்து, நடுவில் ஒரு ‘யு’வைச் செருகியிருந்தார்.

“மாமா! இந்த ‘யு’வை யாருமே உச்சரிப்பதில்லையே! வாயால் சொல்லாத எழுத்தைக் கையால் மட்டும் எதற்காக எழுத வேண்டும்?” என்று கேட்டான்.

கேள்வி நியாயமானது. ஆனால் நியாயமான கேள்விகளுக்கெல்லாம் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதிலையே நானும் சொன்னேன். “இங்கிலீஷ் பாஷை அப்படித்தான் அப்பா! மனப்பாடம் செய்துவிடு” என்றேன். பையன் போய்விட்டான். ‘யு’ மட்டும் போகவில்லை. மறுநாள் காலையில் அகராதிகளை எடுத்துப் புரட்டத் தொடங்கினேன். ஓர் எழுத்தைத் தேடப் போன இடத்தில் ஒரு பெரிய குடும்பமே அகப்பட்டது. அந்தக் குடும்பத்தின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

‘யு’ வந்த வழி

ஐந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலர், ஸாக்ஸனியர் முதலிய ஜெர்மானிய இனத்தார் கடல் கடந்து பிரிட்டனில் குடியேறினார்கள். அவர்கள் பேசிய பாஷைதான் பழைய இங்கிலீஷ். அதில் இந்த வார்த்தையின் முதல் உயிரெழுத்து ‘இ’யும் அல்ல, ‘உ’வும் அல்ல. உதட்டைக் குவித்துக்கொண்டு ‘இ’ என்று சொல்லிப் பாருங்கள். அப்போது பிறக்கும் ஓசையே அது. காலக்கிரமத்தில் இந்த ஓசை மூன்றாகப் பிரிந்தது. மேற்குச் சீமையார் அதைப் பழையபடியே வைத்துக்கொண்டு ‘யு’ என்ற எழுத்தால் எழுதினார்கள். கென்ட் பிரதேசத்தார் அதை ‘எ’ ஆக்கினார்கள். நடு நாட்டிலும் வட நாட்டிலும் அது ‘இ’ ஆயிற்று.

லண்டன் பட்டணம் எல்லாப் பிரதேசத்தாரும் வந்து கூடுகிற சந்தை அல்லவா? அங்கே எழுத்து ஒரு பிரதேசத்திலிருந்தும் உச்சரிப்பு வேறொரு பிரதேசத்திலிருந்தும் வந்து கல்யாணம் செய்துகொண்டன. ‘பில்டு’ என்ற சொல்லுக்கு எழுத்து மேற்கத்தியது. ஓசை நடு நாட்டினது. சுறுசுறுப்பைக் குறிக்கும் ‘பிஸி’ என்ற சொல்லும் அப்படியே. புதைப்பதைக் குறிக்கும் ‘பெரி’ என்ற சொல்லிலோ எழுத்து மேற்கத்தியது, ஓசை கென்ட்டினது. 1476-ஆம் வருஷம் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அதன்பின் நாளடைவில் அச்செழுத்துக்கள் வார்த்தைகளின் உருவத்தைக் கெட்டிப்படுத்திவிட்டன. நாக்கு மாறினாலும் ஈயம் மாறவில்லை. எதிர் வீட்டுப் பையனுடைய மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் இதுதான்.

முந்தியது வீடா, கட்டுதலா?

இனி வார்த்தையின் பிறப்பைப் பார்ப்போம். கட்டினால்தானே வீடு? ஆகையால் ‘கட்டு’ என்ற வினை முன்னால் பிறந்திருக்க வேண்டும், அதன் பிறகே ‘வீடு’ என்ற பெயர் வந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் ‘பில்டு’ விஷயத்தில் நடந்தது நேர்மாறு. பழைய இங்கிலீஷில் ‘போல்ட்’ என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. வசிக்கும் இடம், இல்லம் என்பது அதன் பொருள். (தைரியசாலியைக் குறிக்கும் இக்காலத்து ‘போல்ட்’ வேறு சொல், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) இல்லம் என்று பொருள்படும் அந்தச் சொல்லிலிருந்துதான் ‘இல்லமாகச் செய்’ என்ற வினை உண்டாயிற்று. அதுவே நாளடைவில் ‘பில்டு’ ஆயிற்று. முதலில் வீடு, பிறகுதான் கட்டுதல்!

அந்த ‘போல்ட்’ எங்கிருந்து வந்தது? இங்கேதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1786-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 2-ஆம் தேதி கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் முன்னிலையில் ஸர் வில்லியம் ஜோன்ஸ் ஒரு பிரசங்கம் செய்தார். ஸம்ஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவையாக இருக்க வேண்டும் என்று அதில் அவர் சொன்னார். ஜெர்மானிய பாஷைகளையும் அந்தக் குடும்பத்தில் சேர்க்கலாம் என்றார். பின்னர் 1822-இல் யாக்கோப் கிரிம் என்ற ஜெர்மன் பண்டிதர் இந்த உறவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். குழந்தைகளுக்கான மாயக் கதைகளைத் திரட்டித் தந்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்தான் அவர். ஸம்ஸ்கிருதத்தில் நான்காவது ‘ப’காரம் வரும் இடத்தில் இங்கிலீஷில் சாதாரண ‘ப’காரமும், லத்தீனில் ‘எஃப்’ ஓசையும் வரும். ‘ப்ராதா’ என்று ஸம்ஸ்கிருதத்தில் சொல்லப்படும் சகோதரன் இங்கிலீஷில் ‘பிரதர்’, லத்தீனில் ‘ஃப்ராத்தர்’.

இந்தக் கணக்கின்படி ‘பில்டு’ என்ற சொல்லின் வேரைத் தேடிக்கொண்டு போனால், ‘பூ’ என்ற தாதுவில் போய் முட்டிக்கொள்கிறோம். ‘இருத்தல்’, ‘உண்டாதல்’, ‘வளர்தல்’ என்பவை அதன் பொருள். ‘பவதி’ என்ற வினை அதிலிருந்து வந்தது. வீட்டைக் குறிக்கும் ‘பவனம்’ அதிலிருந்து வந்தது. புது டில்லியில் நம் குடியரசுத் தலைவர் வசிக்கும் ராஷ்டிரபதி பவனத்தின் பெயரிலே உள்ள ‘பவனம்’ இதுவே. பூமி, பூதம், பிரபு, சுயம்பு, சம்பவம், அனுபவம் எல்லாம் இந்த வேரின் தளிர்கள். லத்தீனில் எதிர்காலத்தைக் குறிக்கும் சொல்லும், கிரேக்கத்தில் இயற்கையைக் குறித்துப் பின்னர் ‘பிஸிக்ஸ்’ என்ற சாஸ்திரத்துக்குப் பெயர் தந்த சொல்லும் இதே வம்சம். இங்கிலீஷில் இருத்தலைக் குறிக்கும் ‘பீ’ என்ற சின்னஞ்சிறு வினையும் அப்படியே. கொத்தனாருடைய கரண்டிக்கும் வேதாந்தியின் ‘இருப்பு’க்கும் ஒரே தாய் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கிறது அல்லவா?

உறவினர்கள்

இங்கிலீஷிலேயே இந்தக் குடும்பத்தார் பல வேஷங்களில் உலாவுகிறார்கள். ‘நெய்பர்’ என்றால் அண்டை வீட்டுக்காரர். அதன் முற்பாதி ‘அருகில்’, பிற்பாதி ‘வசிப்பவன்’. ‘ஹஸ்பெண்ட்’ என்றால் கணவன். அதன் முற்பாதி ‘வீடு’. பிற்பாதி ‘குடியிருப்பவன்’ என்று பொருள்படும் வட நாட்டுச் சொல். ஆதியில் அது கணவனைக் குறிக்கவில்லை. வீட்டை உடையவனையே குறித்தது. வீடு இருந்தால்தான் பெண் கிடைக்கும் என்ற சமாசாரம் எல்லாத் தேசங்களுக்கும் பொது போலும்!

ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் குடியிருப்புகளுக்கு ‘பி’ என்று பெயர் வைத்தார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்னும் ஊர்ப் பெயர்களின் வால் அதுவே. ஹாலந்து தேசத்துப் பாஷையில் குடியானவனுக்கு ‘போயர்’ என்று பெயர். 1899 முதல் 1902 வரையில் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் காந்திஜி இந்தியர்களைத் திரட்டிக் காயம்பட்டோருக்கு உதவும் படை அமைத்தார் என்பது யாவரும் அறிந்ததே. அந்தப் போயரும் நம்முடைய ‘பில்டு’க்குப் பங்காளி. நிலத்தில் குடியிருந்து உழுகிறவன் என்பதே பொருள். ஆனால் இதே குடியானவச் சொல் இங்கிலீஷில் ‘பூர்’ என்று ஆனபோது, நாகரிகம் தெரியாதவன் என்ற வசையாகிவிட்டது. ஊருக்குச் சோறு போடுகிறவனின் பெயரைப் பட்டணத்துக்காரன் திட்டுவதற்கு உபயோகித்துக்கொண்டான். வார்த்தைகளுக்கும் இப்படிப்பட்ட அநீதிகள் நேர்வதுண்டு.

மரமும் கல்லும்

பழைய ஸாக்ஸனியர் அன்றாடம் உபயோகித்த வினை ‘பில்டு’ அல்ல என்பது இன்னொரு வேடிக்கை. ‘டிம்பர்’ என்ற சொல்லைத்தான் அவர்கள் வினையாக்கிச் சொன்னார்கள். நம் ஊர் மரக்கடைப் பலகைகளில் காண்கிறோமே, அதே டிம்பர்தான். இன்று அது மரம். அன்று அதன் பொருள் கட்டிடம். பிறகு கட்டிடத்துக்கு வேண்டிய சாமான் என்றாகி, கடைசியில் மரம் என்று நின்றது. ஜெர்மன் பாஷையில் அதன் சகோதரமான ‘ட்ஸிம்மர்’ இன்றும் அறையைக் குறிக்கிறது. இதன் வேரும் ‘வீடு’தான்; லத்தீனில் ‘தோமுஸ்’ என்ற சொல் அதே வேரில் பிறந்தது. நாம் மணமக்களை வாழ்த்தும்போது சொல்லும் ‘தம்பதி’ என்ற வார்த்தையின் முதற் பகுதியும் அதுவே. வீட்டுக்கு உடையவர்கள் என்று அர்த்தம்.

மரத்தால் கட்டியவர்களுக்கு மரச் சொல் போதுமானதாயிருந்தது. 674-ஆம் வருஷத்தில் பெனடிக்ட் பிஸ்காப் என்ற பாதிரியார் மங்க்வேர்மத் என்ற இடத்தில் மடம் நிறுவினார். அங்கே ரோமானிய முறையில் கற்கோயில் எழுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டபோது, கல் வேலை தெரிந்தவர்களையும் கண்ணாடி வேலை தெரிந்தவர்களையும் அவர் கடலுக்கு அப்பாலிருந்த கால் தேசத்திலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை ஜயித்த பிறகு, கொத்தனுக்கும் கோபுரத்துக்கும் அரண்மனைக்கும் பிரெஞ்சுப் பெயர்களே வழங்கலாயின. வீடு, கதவு, கூரை, தரை ஆகியவற்றுக்கு மட்டும் பழைய பெயர்கள் நிலைத்தன. ஆளுகிறவர்கள் அரண்மனைக்குப் பெயர் வைத்துவிடலாம்; ஏழையின் கூரைக்கு ஏழைதான் பெயர் வைக்கிறான்.

பெரிய மனிதர்களின் சொற்கள்

கட்டிடம் எழுப்புவதற்கு லத்தீனிலிருந்து வந்த சொற்களும் இங்கிலீஷில் உண்டு. ‘கன்ஸ்ட்ரக்ட்’ என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குதல். ‘டெஸ்ட்ராய்’ என்றால் அடுக்கியதைக் கலைத்தல். ‘இன்ஸ்ட்ரக்ட்’ என்றால் உள்ளே அடுக்குதல். வாத்தியார் மாணவனுடைய மண்டைக்குள் செய்யும் காரியம் அதுவே. ‘இரெக்ட்’ என்றால் நேராக நிமிர்த்துதல். அதன் வேர் ‘ராஜன்’ என்ற சொல்லின் வேரோடு ஒன்று. ‘எடிஃபிஸ்’ என்றால் பெரிய மாளிகை. ஆனால் அதன் முற்பகுதி லத்தீனில் வீட்டையும் கோயிலையும் குறித்தது. அதற்கும் ஆதியில் எரிகின்ற அடுப்பு என்றே பொருள். மாளிகையைத் தோண்டினாலும் அடியில் அடுப்புதான் அகப்படுகிறது!

ஆக, இந்தச் சொற்களில் ஒன்று அடுக்குகிறது, ஒன்று நிமிர்த்துகிறது, ஒன்று அடுப்பு மூட்டுகிறது. ‘பில்டு’ மட்டும் குடியிருக்கிறது.

நம்முடைய தமிழ் என்ன செய்கிறது? தமிழ் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாஷை அல்ல. தென்னாட்டுப் பாஷைகள் தனிக் குடும்பம் என்று சென்னையில் எல்லிஸ் துரை 1816-லும், கால்டுவெல் 1856-லும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தமிழன் வீட்டைக் ‘கட்டுகிறான்’. பூவையும் கட்டுகிறான், மூட்டையையும் கட்டுகிறான், தாலியையும் கட்டுகிறான், பாட்டுக்கு மெட்டும் கட்டுகிறான். கழிகளைக் கயிற்றால் கட்டி ஓலை வேய்ந்த காலத்தில் இந்தச் சொல் வீட்டுக்கு ஏறியிருக்கலாம் என்று ஊகிப்பதில் தவறில்லை. ஜெர்மன் பாஷையில் சுவருக்குப் பெயரான ‘வாண்ட்’ என்பதும், மிலாறுகளை முறுக்கிப் பின்னிய பழக்கத்திலிருந்து வந்ததே. உறவு இல்லாத பாஷைகளும் சில சமயம் ஒரே மாதிரி சிந்திப்பதுண்டு. திடகாத்திரமான ஒருவனுடைய சரீர அமைப்பை இங்கிலீஷ்காரன் ‘பில்டு’ என்கிறான். நாமும் ‘நல்ல உடற்கட்டு’ என்றுதானே சொல்லுகிறோம்!

குடியிருக்காத கட்டிடங்கள்

இதெல்லாம் பண்டிதர்களின் பொழுதுபோக்குத்தானே, நமக்கு என்ன லாபம் என்று நேயர்கள் கேட்கலாம். லாபம் இருக்கிறது, நஷ்டமும் இருக்கிறது. கட்டுவதன் வேர் குடியிருப்பது என்பதை மறந்தவர்கள் பட்ட நஷ்டம் அது.

முதல் உலக யுத்தம் முடிந்ததும், போர்க்களத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்கு ஏற்ற வீடுகள் தருவதாக லாயிட் ஜார்ஜ் வாக்களித்தார். 1919-இல் அதற்குச் சட்டமும் வந்தது. மூன்று வருஷங்களில் 5,00,000 வீடுகள் என்று திட்டம் போட்டார்கள். கட்டி முடிந்தவை சுமார் 2,13,000. இரண்டாம் யுத்தத்துக்குப் பின்னர், குடிசைகளை இடித்துவிட்டு வானளாவிய அடுக்கு மாளிகைகளைத் தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டு விரைவாக எழுப்பினார்கள். கிழக்கு லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 அடுக்கு வீடு 1968-ஆம் வருஷம் மார்ச் மாதம் திறக்கப்பட்டது. மே மாதம் 16-ஆம் தேதி விடியற்காலையில், 18-வது மாடியில் ஒரு ஸ்திரீ தேநீர் போடுவதற்காக அடுப்புப் பற்ற வைத்தார். கசிந்திருந்த காஸ் வெடித்தது. சுவர்ப் பலகை ஒன்று வெளியே தள்ளப்பட, மேலேயும் கீழேயும் இருந்த அந்த மூலை முழுவதும் சீட்டுக் கட்டு மாதிரி சரிந்துவிட்டது. நான்கு பேர் மாண்டார்கள். அடுப்பு மூட்டினால் நிற்காத கட்டிடம், மேலே சொன்ன வேர்ச் சொற்களின்படி வீடே அல்ல.

பாடம் கற்றுக்கொண்டார்களா? 2017-ஆம் வருஷம் ஜூன் மாதம் 14-ஆம் தேதி, அதே லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 அடுக்குக் கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. ஒரு வருஷத்துக்கு முன்புதான் அதற்கு வெளிப்புறத்தில் புதிய போர்வை போர்த்தியிருந்தார்கள். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பிளாஸ்டிக், தீயை மேலே ஏற்றிக்கொண்டு போயிற்று. 72 பேர் உயிர் இழந்தார்கள். இங்கே ஆபத்து இருக்கிறது என்று அங்கே குடியிருந்தவர்கள் முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். அவர்கள் குரலுக்கு யாரும் செவி சாய்க்கவில்லை. அந்தச் சாவுகள் அத்தனையும் தவிர்த்திருக்கக் கூடியவை என்று 2024-இல் விசாரணைக் குழு தீர்ப்புச் சொல்லிற்று. கட்டினவர்களுக்குத் தெரியாதது குடியிருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கட்டுவோர் பேச்சு அம்பலம் ஏறியது. குடியிருப்போர் பேச்சு ஏறவில்லை.

இதற்கு மாறான உதாரணமும் லண்டனிலேயே உண்டு. 1941-ஆம் வருஷம் மே மாதம் 10-ஆம் தேதி இரவு ஜெர்மன் குண்டுகள் பார்லிமெண்டின் காமன்ஸ் சபை மண்டபத்தை நாசமாக்கின. அதை எப்படித் திரும்பக் கட்டுவது என்று 1943 அக்டோபரில் விவாதம் நடந்தபோது, விசாலமான புது மண்டபம் வேண்டாம், பழைய நீளமண்டபமே போதும் என்று சர்ச்சில் வாதித்தார். கட்டிடங்களை நாம் உருவாக்குகிறோம். பிறகு அவை நம்மை உருவாக்குகின்றன என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்தியாவின் சுதந்திர விஷயத்தில் சர்ச்சில் சொன்னதில் நமக்குச் சம்மதமானது ஒன்றும் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை ஒப்புக்கொள்ளலாம். 1950 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த மண்டபத்துக்குச் சபாநாயகர் ஆசனத்தை ஆஸ்திரேலியா தந்தது. மேஜையைக் கனடா தந்தது. நுழைவாயில் கதவுகளைத் தந்தவை எவை தெரியுமா? இந்தியாவும் பாகிஸ்தானும்! நம்மை வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த சபைக்கு, சுதந்திரம் பெற்றதும் நாமே கதவு செய்து கொடுத்தோம்.

1951 ஆகஸ்டில், குண்டுகளால் தரைமட்டமாகிக் கிடந்த ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், ஹைடெக்கர் என்ற தத்துவாசிரியர் இதே வேர்ச் சொல்லை வைத்துக்கொண்டு பேசினார். நாஜிக் கட்சியில் சேர்ந்து தீராத பழி தேடிக்கொண்டவர் அவர். ஆனாலும் அன்று அவர் சொன்னது சிந்திக்கத் தக்கது. நாம் கட்டியதால் குடியிருக்கவில்லை. குடியிருக்கிறவர்களாக இருப்பதனாலேயே கட்டுகிறோம் என்றார் அவர்.

நம் பாட்டிமார்களுக்கு இந்தத் தத்துவம் அகராதியைப் புரட்டாமலே தெரியும். சுவர் எழும்பி, தளம் போட்டு, வெள்ளையடித்து முடித்தாலும், அது அவர்களுக்கு இன்னும் வீடு ஆகிவிடாது. நல்ல நாள் பார்த்து, புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். அதன் பிறகுதான் வீடு. புது வீட்டு விருந்தை இங்கிலீஷ்காரர்களும் ‘வீட்டைச் சூடேற்றுதல்’ என்றே அழைக்கிறார்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு எதிர் வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். கென்ட் சமாசாரத்தையும் காக்ஸ்டன் சமாசாரத்தையும் சொன்னேன். அவன் பொறுமையுடன் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, மாமா! மறுபடியும் மறந்து போகாமல் இருக்க என்ன செய்வது?” என்றான்.

“அந்த எழுத்தைத் தனியாகச் சொல்லிப் பார். ‘யு’ என்றால் இங்கிலீஷில் நீ என்றுதானே காதில் விழுகிறது? கட்டிடத்துக்கு நடுவில் நீ இருக்க வேண்டும். உன்னை எடுத்துவிட்டால் மிச்சம் ‘பில்ட்’ என்று நிற்கும். ஜெர்மன் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? வெறும் படம்!” என்றேன்.

பையன் நோட்டுப் புத்தகத்தை விரித்து, வாத்தியார் செருகியிருந்த சிவப்பு ‘யு’வின் மேலேயே தன் பேனாவால் அழுத்தி ஒரு ‘யு’ எழுதினான்.